மலை ஆற்றின் கரண்ட்

2008-ஆம் வருடம் ஐப்பசி வரைக்கும் திருப்பூரில் கரண்டைப் பற்றி உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு. நூல் விலை, டாலர் விலை, சாயக்கூலி, தீபாவளி போனஸ், ஷிப்மெண்ட் தேதி, இவைதான் பேச்சாக இருந்தன. அமெரிக்காவில் வங்கிகள் விழுந்து ஆர்டர் சுருங்கிய அதே மாதங்களில் மின்வெட்டும் வந்து சேர்ந்தது. நவம்பரில் உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு என்று அறிவித்தார்கள். மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை பெரிய கம்பெனிகள் மெஷின் ஓட்டக் கூடாது. எங்களைப் போன்ற சின்ன இணைப்புக்காரர்களுக்கு, ஏரியா ஏரியாவாக முறை வைத்துக் கரண்டை நிறுத்தினார்கள்.

முதலில் மாறியது ஊரின் சத்தம். பதினைந்து வேலம்பாளையம் என்ற பகுதியில், எங்கள் வீதியில் விடிந்தால் ஓவர்லாக் சத்தம் கேட்கும். பக்கத்து வீதியில் நிட்டிங் மெஷின் சுற்றும். இரவு பதினோரு மணிக்குத்தான் எல்லாம் அடங்கும். அந்தச் சத்தத்தில் குழந்தைகள் தூங்கிப் பழகியிருந்தார்கள். வெட்டு தொடங்கிய பிறகு, வேலை நேரத்தில் வீதி முழுக்க ஒரே நொடியில் வாயடைத்துப் போகும். டெய்லர்கள் வெளியே வந்து திண்ணையில் உட்காருவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மெஷின் நின்ற நேரம் கூலி இல்லாத நேரம்.

வீட்டின் முன்பக்கத்தில் நாங்கள் பவர் டேபிள் போட்டிருந்தோம். நீண்ட மேஜை, அதன் அடியில் ஒரே மோட்டார், ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட். மோட்டார் நின்றால் பத்து மெஷினும் ஒன்றாக நிற்கும். எக்ஸ்போர்ட் கம்பெனி கட்டிங் முடித்து அனுப்பும் துணியைத் தைத்துக் கொடுப்பது எங்கள் ஜாப் ஒர்க். வீட்டுக்காரர் கம்பெனிகளுக்கு அலைவார். நான் பிளாட்லாக்கில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே மற்றவர்களையும் பார்த்துக்கொள்வேன். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சம்பளக் கவர் போட்டாக வேண்டும். மளிகைக்கடையும் சீட்டுக்காரரும் வீட்டு வாடகையும் அந்தக் கவருக்காகக் காத்திருப்பார்கள். கரண்ட் வராத வாரமாக இருந்தாலும் சனிக்கிழமை வந்துவிடும்.

அந்தத் திண்ணை நேரங்களில்தான் எனக்கு என் தாத்தா, எங்கள் அப்பாரு, ஞாபகம் அதிகமாக வந்தது.

*

அப்பாருக்குப் பெருமாநல்லூர்ப் பக்கம் தோட்டம். மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் காலைகளில், அங்கிருந்து பார்த்தால் வடமேற்கே நீலகிரி ஒரு கோடாகத் தெரியும். கரண்ட் எங்கிருந்து வருது என்று கேட்டால் அந்தக் கோட்டைத்தான் காட்டுவார். "பைக்காரா கரண்டு, கண்ணு. அங்க ஒரு ஆறு விழுகுது. அது விழுகற வேகத்துலதான் நம்ம மோட்டார் ஓடுது" என்பார்.

அவர் சொன்னதில் பிசகில்லை. நீலகிரியில் முக்கூர்த்திச் சிகரத்துப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆற்றை, அன்றைய சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்காகத் திருப்பியது. 1929-ல் வேலை தொடங்கி 1932-ல் கரண்ட் வந்தது. மலை உச்சியிலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக இரும்புக் குழாயில் தண்ணீரை இறக்கி, சிங்காராவில் டர்பைனைச் சுற்றவைத்தார்கள். அந்தக் காலத்தில் இவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுத்த நிலையங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. அங்கிருந்து கம்பி கோவைக்கு இறங்கியது. கோவையில் 1930களில் நூற்பாலைகள் வரிசையாக எழுந்ததற்கு அந்தக் கம்பி ஒரு முக்கியமான காரணம். கையால் சுற்றிக்கொண்டிருந்த திருப்பூர் பனியன் மெஷின்களுக்கு மோட்டார் வந்ததும் அதற்குப் பிறகுதான்.

அப்பாருக்கு ஆலைகளைவிடக் கிணறுதான் பெரிது. கொங்கு நாட்டில் மழை குறைவு, கிணறு ஆழம். விடியற்காலை மூன்று மணிக்கு எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தால், உச்சி வெயிலுக்குள் அரை ஏக்கர் நனைந்தால் அதிர்ஷ்டம். பின்னோக்கி நடந்து நடந்து எருதுகளுக்குக் குளம்பு தேயும், இறைக்கிறவனுக்கு இடுப்பு போகும். எங்கள் தோட்டத்தில் மோட்டார் ஓடிய முதல் நாள், அவருடைய அம்மா தேங்காய் உடைத்து, மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாராம். கம்பியைக் கும்பிடவில்லை, மோட்டாரைக் கும்பிடவில்லை. தண்ணீர் இறைக்கும் பலம் எங்கிருந்து வந்ததோ அந்தத் திசையைக் கும்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடமே போகாத அந்த மூதாட்டிக்கு இருந்த தெளிவு, டிகிரி முடித்து டேலியில் கணக்குப் பார்க்கும் எங்கள் தலைமுறைக்கு எங்கே போனது என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பைக்காராவுக்குப் பிறகு அதற்குக் கீழே மாயாறு, அப்புறம் குந்தா. குந்தாவுக்குக் கனடா கொழும்புத் திட்டத்தின்கீழ் உதவி செய்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒவ்வொரு பவர் ஹவுஸாக ஓடத் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் தண்ணீர் குந்தாவில் ஒரு முறை விழுந்து மின்சாரம் தருகிறது. அதே தண்ணீர் கெத்தையில் ஒரு முறை, பரளியில் ஒரு முறை, பில்லூரில் ஒரு முறை விழுகிறது. பிறகு பவானியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து குழாயில் திருப்பூருக்குக் குடிக்க வருகிறது. எங்கள் மெஷினை ஓட்டிய தண்ணீரையே நாங்கள் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருடம் இந்த ஊரில் வாழ்ந்தும், இது எனக்குத் தெரியவந்தது மின்வெட்டுக் காலத்தில்தான்.

சொன்னவன் என் சித்தப்பா மகன், மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன். "இவ்வளவு ஆறு இருந்தும் ஏண்டா கரண்ட் இல்லை?" என்று ஒரு நாள் கோபமாகக் கேட்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான்: "அக்கா, தமிழ்நாட்டுல மலைத்தண்ணி கரண்ட் எல்லாம் சேர்த்தா சுமார் 2,300 மெகாவாட்டு. தேவை அதைத் தாண்டி எங்கேயோ போயிருச்சு. இப்ப பெரும்பகுதி நிலக்கரி. ஆனா நிலக்கரி நிலையத்தை நெனச்ச நேரம் போட்டு நிறுத்த முடியாது. தண்ணியத் திறந்தா சில நிமிசத்துல கரண்ட். அதனால சாயங்காலம் ஊரே லைட்டுப் போடற நேரத்துக்குத்தான் அணைத் தண்ணிய வெச்சிருக்கோம். அது வங்கியில போட்ட பணம் மாதிரி. மழை போட்டாத்தான் எடுக்க முடியும்."

அதற்குப் பிறகு ஜூன் மாதத்தில் நீலகிரியில் மழை இறங்கியதா என்று பேப்பரில் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. ஆடிக்காற்று அடிக்கிறதா என்றும் பார்ப்போம். உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றும் மாதங்களில் வெட்டு குறையும், ஐப்பசியில் காற்று அடங்கியதும் கூடும். விவசாயத்தை விட்டுப் பனியனுக்கு வந்த குடும்பம் நாங்கள். மறுபடியும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தோம்.

*

இதற்கு நடுவில் 2011 ஜனவரி வந்தது. அந்த மாதம் 28-ஆம் தேதி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். உத்தரவை நிறைவேற்ற அதிகாரிகள் செய்தது, பட்டறைகளின் மின் இணைப்பைத் துண்டித்தது. துணிக்குச் சாயம் ஏறாவிட்டால் கட்டிங் இல்லை. கட்டிங் இல்லாவிட்டால் எங்களுக்கு வேலையே இல்லை. நூல் விலையும் அப்போது உச்சத்தில் இருந்தது. எங்கள் வீதியில் இரண்டு பவர் டேபிள்கள் அந்தச் சித்திரைக்குள் விற்பனைக்கு வந்தன.

எங்கள் வயிற்றில் அடித்த உத்தரவு அது. ஆனாலும் அது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல், எங்கள் ஊரைத் தாண்டும்போது என்ன நிறத்தில் ஓடியது என்று நான் பார்த்திருக்கிறேன். பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் அந்த அணையைத் திறக்க வேண்டாம் என்று போராடவேண்டி வந்தது. ஒரு மலை ஆறு தந்த பலத்தில் மோட்டார் ஓட்டி, இன்னொரு மலை ஆற்றை எங்கள் ஊர் இப்படி ஆக்கியிருந்தது. அந்த வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இந்த இரண்டு ஆறுகளும் என் மனசில் சேர்ந்துகொண்டன. அதற்குப் பிறகு பிரியவே இல்லை.

சுத்திகரிப்பு முறைகளைத் திருத்திப் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தவேண்டும் என்பது விதி. அந்த முறை ஓட நிறைய மின்சாரம் வேண்டும். நொய்யலைக் காப்பாற்றுவதற்கும் கரண்டைத்தான் நம்பவேண்டியிருந்தது. அந்தக் கரண்டுதான் அடுத்த வருடம் இல்லாமல் போனது.

*

2012-ஐ எங்கள் தலைமுறை மறக்காது. கூடங்குளம் அணுமின் நிலையம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. புதிய அனல்மின் நிலையங்கள் தாமதமாகிக்கொண்டிருந்தன. வடக்கே கரண்ட் வாங்கினாலும் கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. பருவமழையும் பொய்த்தது. மாநிலத்துக்கு 4,000 மெகாவாட் பற்றாக்குறை என்று பேப்பரில் போடுவார்கள். எங்களுக்கு அதன் அர்த்தம், ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இல்லை. மோசமான வாரங்களில் நாளில் பாதிக்கு மேல் இருக்காது.

பெரிய கம்பெனிகள் ஜெனரேட்டரில் ஓடின. டீசல் கரண்டின் விலை ஈபி யூனிட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு என்றாலும், ஷிப்மெண்ட் தவறி விமானத்தில் அனுப்பும் நஷ்டத்தைவிட அது மேல் என்று ஓட்டினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை. வாடகை ஜெனரேட்டருக்குச் சொல்லிவைத்தால், வரிசையில் எங்களுக்கு முன் நூறு பேர் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும் என்று தெரிந்தால் டெய்லர்கள் மேஜைக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். விளக்கு எரிந்ததும் டெய்லர்களுக்கு உதவும் கைமடிப் பெண் எல்லாரையும் எழுப்புவாள். தூக்கக் கலக்கத்தில் ஊசி விரலில் ஏறிய ஒரு டெய்லரை, மூன்று மணிக்கு டிவிஎஸ் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய இரவு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் வலியில் அழவில்லை. "அக்கா, இன்னும் ஒரு மணி நேரந்தான் கரண்ட் இருக்கும், நீங்க போங்க" என்றுதான் சொல்லிக்கொண்டே வந்தான்.

நாங்கள் வாங்கிய வேலையை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் ஒரு கம்பெனி கூலியில் பிடித்தம் செய்தது. என் வளையல்கள் அந்த ஆவணியில் அடகுக்கடைக்குப் போயின. வாரச் சம்பளம் மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. அது வீட்டுக்காரரின் பிடிவாதம்.

அந்த ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவே இருண்டது. முதல் நாள் வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள். தெற்கு அப்போது தனித் தொகுப்பாக இருந்ததால் தப்பியது. எங்களிடம் வேலை பார்த்த பீகார்ப் பையன்கள், கிடைத்த கரண்டில் செல்போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு ஊருக்கு அடித்துப் பார்த்தபடியே இருந்தார்கள். பூடானின் மலை ஆறுகளில் எடுத்த மின்சாரம், விழுந்த தொகுப்பைத் திரும்ப எழுப்பக் கைகொடுத்தது என்று பிறகு படித்தேன். எல்லா நிலையமும் அணைந்த பிறகு முதலில் கண் விழிக்கக் கூடியது தண்ணீர் கரண்ட்தான் என்று சித்தப்பா மகனும் சொன்னான். ஒரு நாடு மயங்கி விழுந்தால் தட்டி எழுப்பும் பலம் ஆறுகளிடம் இருக்கிறது.

*

அடுத்த கோடையில் நாங்கள் நீலகிரிக்குப் போனோம். கரண்ட் பிறக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போகச் சொன்னேன். பைக்காரா அணையில் தண்ணீர் வெகு கீழே இருந்தது. கரை முழுக்கச் செம்மண் படிக்கட்டாகத் தெரிந்தது. படகுத்துறைப் பக்கம் டீ விற்ற பெரியவர், தோடர்களுக்கு இது தெய்வ ஆறு என்று சொன்னார். எங்கள் தோட்டத்துப் பாட்டி கும்பிட்ட அதே தண்ணீரைக் கும்பிடுகிறவர்கள், எங்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே இருக்கிறார்கள்.

மஞ்சூர் வழியாகக் கெத்தைக்கு இறங்கும் ரோட்டில், மலைச் சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்குவதைப் பார்த்தேன். குழாய்க்குள் முழு ஆறு போகிறது. வெளியே ஓடைப் படுகையில் கல்தான் கிடக்கிறது. மீன், தவளை, தண்ணீர் குடிக்க வரும் காட்டுமாடு, இவற்றுக்கு எந்த வெட்டு நேர அட்டவணையும் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. எங்களுக்கு நாளில் பாதிக் கரண்ட் இல்லாததற்கே நாங்கள் எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை மனு கொடுத்தோம்! அந்தப் படுகைக்காகப் பேச எந்தச் சங்கமும் இல்லை. அந்த ரோட்டில் நின்றபோது என் கஷ்டம் குறைந்துவிடவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாகத் தெற்கும் தேசியத் தொகுப்போடு இணைந்தது. கூடங்குளமும் புதிய நிலையங்களும் ஓடத் தொடங்கின. மெல்ல மெல்ல வெட்டு போய்விட்டது. என் வளையல்கள் திரும்பி வந்தன. இப்போது இருபதுக்கு மேற்பட்ட மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். கரண்டைப் பற்றிய பேச்சும் நின்றுவிட்டது. வருகிற கரண்ட் எந்த மலையிலிருந்து வருகிறது என்று கைகாட்ட இப்போது யாராலும் முடியாது. இமயத்திலிருந்து குமரி வரை எல்லாம் ஒரே கம்பி.

2023 அக்டோபர் 4 காலையில், ஜல்பாய்குரியிலிருந்து வந்து எங்களிடம் ஓவர்லாக் ஓட்டும் பையன் மெஷினில் உட்காரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். முந்தைய இரவு சிக்கிமில் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, தீஸ்தா ஆறு வெள்ளமாக இறங்கியிருந்தது. சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணை அதன் வழியில் நின்றது. 1,200 மெகாவாட் நிலையத்துக்கான அந்த அணை, 2017-ல்தான் மின்சாரம் தரத் தொடங்கியது. பாறையும் கான்கிரீட்டுமாக 60 மீட்டர் உயரம் எழுப்பியதை ஆறு சில நிமிடங்களில் அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் நூறு பேரைத் தாண்டினார்கள். அவர்களில் பலரின் உடல்கள் வங்காளச் சமவெளியில் கரை ஒதுங்கின.

அந்தப் பையனுடைய வீடு தீஸ்தா கரையோரத்துத் திட்டில் இருக்கிறது. மதியத்துக்கு மேல்தான் அம்மாவின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்களாம், பசுவைக் காணோமாம். "அக்கா, அந்த டேம் கரண்டுக்காகத்தானே கட்டினாங்க? ஆனா எங்க ஊர்ல இன்னும் ராத்திரி கரண்ட் நிக்குதே?" என்று கேட்டான். பனி ஏரி உடையக்கூடும் என்று விஞ்ஞானிகள் பல வருடமாக எச்சரித்திருந்தார்கள். கீழே இருந்தவர்களுக்குப் போதிய நேரத்தில் அபாயச் சங்கு ஒலிக்க ஏற்பாடு இல்லை. நீலகிரியும் இதற்கு விலக்கில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், மண் சரிந்து உயிர்கள் போனதையும் நாம் பார்த்திருக்கிறோம். மலையின் மழை மாறிக்கொண்டிருக்கிறது. அணைகளும் குழாய்களும் பழைய மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை.

தண்ணீர் கரண்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கவலை இறைத்த இடுப்பு வலியை நிறுத்தியது அது. என் பிள்ளைகளின் படிப்பு அதில்தான் வந்தது. சூரியனும் காற்றும் கூடக் கூட, மாலை நேரத்துக்கு மலைத் தண்ணீரின் தேவை இன்னும் கூடும். அதற்காகத்தான் குந்தாவில் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றி மறுபடி இறக்கும் 500 மெகாவாட் திட்டத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது கட்டப்படுவது எங்களுக்காக. ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடிக்குப் பனியன் ஏற்றுமதி செய்யும் இந்த ஊருக்காக.

ஆகவே கேட்கவேண்டிய பொறுப்பும் எங்களுடையது. குழாய்க்கு வெளியே ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவேண்டும். கெத்தையிலும் பில்லூரிலும் கீழே குடியிருக்கிறவர்களுக்கு நடுராத்திரியில் சங்கு ஊதுமா என்று கேட்கவேண்டும். கரண்ட் கம்பி தலைக்கு மேல் போகும் பழங்குடி ஊர்களில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறதா என்று கேட்கவேண்டும். எங்கள் கூரைகளில் சூரியத் தகடு போட்டு, பகல் தேவையைக் குறைத்துக்கொண்டு கேட்கவேண்டும். எங்கள் வீட்டுக் கூரையில் போட்டுவிட்டோம். நீதிமன்ற உத்தரவும், வெளிநாட்டு பையர்கள் சாயத்தண்ணீர் எங்கே போகிறது என்று ஆடிட்டில் கேட்டதும் சேர்ந்துதான் நொய்யலுக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்தது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அந்தப் பையர்கள் வந்து கேட்கும் வரை திருப்பூர் காத்திருக்கக் கூடாது. மின்வெட்டுக் காலத்தில் சாலையில் இறங்கிப் போராடத் தெரிந்த ஊர் இது. அந்தக் குரலை ஆறுகளுக்காகவும் உயர்த்த நமக்குத் தெரியும்.